கூட்டல் தப்பு

அன்புள்ள சார்,

தருமபுரியில் ஒரு கலைக்கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் மன அழுத்தத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அறிய, கார்வரின் 28 கேள்விப் படிவத்தைத் தமிழாக்கி இரண்டாமாண்டு வகுப்பில் கொடுத்தேன். மொத்தமாகக் கூட்டினால், பென்னாகரம் பக்கமிருந்து வரும் நிதானமான பெண்ணுக்குத்தான் ஆகக் குறைவு. எப்போதும் பதறும் பையனுக்கு அதிகம். படிவம் தப்பா, என் கணிப்பு தப்பா?

வாசகர், தருமபுரி

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டும் இல்லை, கூட்டல்தான் தப்பு. உளவியலாளர் சார்ல்ஸ் கார்வர் 1997-இல் வெளியிட்ட அந்தப் படிவத்தில் அழுத்தத்தைச் சமாளிக்கும் 14 வழிகள், வழிக்கு இரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 (செய்வதே இல்லை) முதல் 4 (நிறையச் செய்கிறேன்) வரை மதிப்பெண். திட்டமிடுவது அதில் ஒரு வழி என்றால், தன்னையே நொந்துகொள்வதும் குடிப்பதும்கூட வழிகள்தான். எல்லாவற்றையும் முயன்று பார்த்துத் தவிக்கிறவனுக்கு எண் ஏறத்தானே செய்யும்? ஒன்றிரண்டு வழியே போதும் என்றிருக்கும் பெண் மற்றதற்கெல்லாம் 1 போட்டிருப்பாள். மொத்த மதிப்பெண் என்று ஒன்று கிடையாது என்று கார்வரே சொல்லியிருக்கிறார். 14 வழிகளையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கூட்டுவதற்கென்று இருப்பது ஷெல்டன் கோஹன் குழுவின் படிவம். 10 கேள்விகள், 0 முதல் 40 வரை. (நான்கு கேள்விகளின் மதிப்பெண்ணைத் தலைகீழாக்கி, அதாவது 0-ஐ 4 ஆகவும் 4-ஐ 0 ஆகவும் மாற்றிக் கூட்ட வேண்டும், பலரும் மறந்துவிடுவார்கள்.) ஆனால் அது அழுத்தம் எவ்வளவு என்றுதான் சொல்லும், சமாளிப்பதைப் பற்றி அல்ல.

அப்புறம், எந்தக் கஷ்டத்தை நினைத்துப் பதில் எழுதச் சொன்னீர்கள்? அரியர் என்றால் உட்கார்ந்து படிக்கலாம். அப்பா, அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்க, பாட்டியிடம் வளரும் பிள்ளை எதைத் திட்டமிடும்? மாற்ற முடியும் என்று தோன்றினால் ஆள் வேலையில் இறங்குவான், முடியாது என்று தோன்றினால் மனதைத் தேற்றிக்கொள்வான். உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் 1980-களிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். அங்கே 'ஏற்றுக்கொண்டேன்' என்பதைத் தோல்வி என்று படிக்காதீர்கள்.

தமிழாக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். 'எதிர்மறை உணர்வுகளை வெளிப்படுத்தினேன்' என்று போட்டிருந்தால் பாதிப் பேர் குத்துமதிப்பாகத்தான் டிக் அடித்திருப்பார்கள். 'புலம்பித் தீர்த்தேன்' என்றால் பாலக்கோட்டிலும் புரியும், அரூரிலும் புரியும்.

யார் தாள் எது என்று உங்களுக்குத் தெரிகிறது என்றால், பதிவு எண் எழுத வைத்திருக்கிறீர்கள். வாத்தியார் கையில் கொடுக்கும் தாளில் குடியைப் பற்றி யார் உண்மை எழுதுவார்? அடுத்த முறை எண் வேண்டாம். இந்த முறை தெரிந்துவிட்டது, சரி. அந்தப் பையன் தாளில் தன்னை நொந்துகொள்ளும் இரண்டு கேள்விகளை மட்டும் பாருங்கள். இரண்டிலும் 4 போட்டிருந்தால், தாளைப் பற்றிப் பேசாமல், கேன்டீனில் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.