காகிதங்கள் யாருக்காக? – ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் தேவிபட்டினத்துக்காரர்கள். ஹூஸ்டனில் வசிக்கும் என் தங்கையும் அவள் கணவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். அவர்கள் இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க, தத்துக் கொடுப்பதை மேற்பார்க்கும் மத்திய அரசு அமைப்பான 'காரா'வில் பதிந்துவிட்டு நெடுநாளாகக் காத்திருக்கிறார்கள். பதிந்தபோதே என் அம்மா கீழக்கரைக்குப் போய்ப் பால் புகட்டச் சங்கு வாங்கி வந்துவிட்டார். இப்போது ஒடிசாவில் ஒரு இல்லத்தில் இருக்கும் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒதுக்கப்பட்டிருக்கிறாள். நாங்கள் சம்மதம் தெரிவித்தும், ஒவ்வொரு தாளாக நகர்கிறதே தவிர குழந்தை வந்தபாடில்லை. அம்மா எங்கள் ஊர்க் கடலில் இருக்கும் நவபாஷாண நவக்கிரகங்களைச் சுற்றி வந்து வேண்டிக்கொள்கிறார். போனில் உள்ள படத்தைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். "பெத்தவங்களும் இல்ல, வளக்க ஆளும் தயார். நடுவுல எதுக்கு இத்தனை காகிதம்?" என்று கேட்கிறார். என் மாமா ஒருவர், தெரிந்த நர்சிங் ஹோம் ஒன்றில் பணம் கொடுத்தால் பிறந்த குழந்தையே கிடைக்கும், பிறப்புச் சான்றிதழும் தங்கை பெயரிலேயே போட்டுத் தருவார்கள் என்கிறார். வேறு சிலர் குழந்தை என்ன சாதி என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

அன்புடன்,
ச., தேவிபட்டினம்

அன்புள்ள ச.,

உங்கள் அம்மாவின் கேள்வி நியாயமானது. இந்தக் குழந்தையைத் தேடி எங்கேனும் ஒரு தாய் அலைந்துகொண்டிருக்கிறாளா என்ற ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் அந்தக் காகிதங்களில் பெரும்பாலானவை கேட்கப்படுகின்றன என்று அவரிடம் சொல்லுங்கள்.

அப்படி அலைந்த தாய்மார்கள் நம் மாநிலத்திலேயே இருந்தார்கள். 1990-களின் இறுதியில் சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து குழந்தைகள் கடத்தப்பட்டு, ஆதரவற்றவர்கள் என்று ஆவணம் தயாரிக்கப்பட்டு, வெளிநாட்டுக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது 2005-ல்தான் வெளியே வந்தது. அதற்குள் அந்தக் குழந்தைகள் வேறு நாட்டில், வேறு மொழியில், வேறு இருவரை அம்மா, அப்பா என்று அழைத்து வளர்ந்திருந்தார்கள். வளர்த்தவர்களும் உங்கள் தங்கையைப் போலவே ஆசையோடு காத்திருந்து பெற்றுக்கொண்டவர்கள்தான். இரண்டு குடும்பங்களுக்கும் நேர்ந்த அந்தத் துயரத்தை எந்தத் தீர்ப்பாலும் சரிசெய்ய முடியாது. ஏறக்குறைய அதே காலத்தில் அன்றைய ஆந்திரத்தில், லம்பாடிப் பழங்குடியினரின் 'தாண்டா' எனப்படும் குடியிருப்புகளில் பெண் சிசுக்கள் அற்பத் தொகைக்கு வாங்கப்பட்டன.

வெளிநாட்டுத் தத்துக்கு நெறிமுறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் 1984-லேயே கூறிவிட்டது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பது பற்றிய 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-ல் ஏற்றது. இன்றைய சட்டப்படி, கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்குட்பட்டதானால் இரண்டு மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்டதானால் நான்கு மாதத்துக்குள்ளும் பெற்றோரைத் தேடிப் பார்த்த பிறகே, தத்துக் கொடுக்கலாம் என்று குழந்தைகள் நலக் குழு அறிவிக்க வேண்டும். பெற்றவர்களே மனமுவந்து ஒப்படைத்திருந்தாலும், மனம் மாற அவர்களுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவள் இந்தப் படியைத் தாண்டியவள். இனி உங்கள் தங்கை அவளை அணைத்துக்கொள்ளும்போது, பின்னாளில் யாரும் வந்து கதவைத் தட்டுவார்களோ என்ற பயம் பெருமளவு நீங்கியிருக்கும்.

ஆனால் எல்லாத் தாமதத்தையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். சங்கில் பால் குடிக்கும் வயதைக் கடந்து ஒரு குழந்தை இல்லத்தில் வளர்வது இழப்புதான். விசாரணைக்காக ஆகும் காலம் வேறு, மேசையில் கோப்பு தூங்கும் காலம் வேறு. காரா தரும் தடையின்மைச் சான்று கிடைத்தபின் தத்து ஆணையைப் பிறப்பிப்பது 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியரின் பொறுப்பு. அதற்கு முன் நீதிமன்றத்திடம் இருந்தது. விண்ணப்பம் தாக்கலான இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் கெடு தாண்டினால் உங்கள் தங்கை, தன் விண்ணப்பத்தைக் கையாளும் தத்து முகமை வழியாக எழுத்தில் கேட்கட்டும். பணிவோடு, ஆனால் விடாமல் கேட்க வேண்டும். ஆணைக்குப் பின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், ஹேக் உடன்படிக்கைக்கு இணங்கியதற்கான சான்று, விசா என்று இன்னும் சில படிகள் இருக்கின்றன.

உங்கள் மாமா சொல்வது குழந்தை விற்பனை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. மருத்துவமனை ஊழியர் சம்பந்தப்பட்டால் ஏழு ஆண்டு வரை. தண்டனையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பெற்றவளின் பெயரை அழித்துவிட்டுப் பொய்யான பிறப்புச் சான்றிதழ் எழுதினால், தான் யார் என்று அந்தக் குழந்தை வளர்ந்தபின் கேட்கும் நாளில் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இருக்காது. அவரிடம் இதைத் தயங்காமல், முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.

சாதியைக் கேட்பவர்களுக்கு, "என் பேத்தி" என்பதற்கு மேல் உங்கள் அம்மா ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. தத்து ஆணை நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து, வாரிசுரிமை உட்பட எல்லாவற்றுக்கும் அவள் உங்கள் தங்கைக்குப் பிறந்தவளாகவே கொள்ளப்படுவாள் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் கேள்வியை அவள் காதுபட யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்வது அண்ணனான உங்கள் கடமை.

போனில் இருக்கும் படத்தை மட்டும் அம்மா இனி யாருக்கும் காட்ட வேண்டாம். உறவினர் வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டாம். பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. அவள் எங்கே, எப்படிக் கண்டெடுக்கப்பட்டாள் என்பதும் அவளுக்குச் சொந்தமான செய்தி. யாரிடம் சொல்வதென்று அவளே வளர்ந்து முடிவு செய்யட்டும்.

அம்மாவுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. தடையின்மைச் சான்று வந்தபின், இறுதி ஆணைக்குக் காத்திருக்கும் காலத்தில், உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டுக் குழந்தையை இந்தியாவுக்குள் தற்காலிகமாகத் தம்மோடு வைத்துக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன. தங்கை அப்போது விடுப்பு எடுத்து வர முடிந்தால், தேவிபட்டினத்துக்கு அழைத்து வரலாமா என்று முகமையிடம் இப்போதே கேட்டு வைக்கட்டும். அந்த இல்லத்தில் அவளைத் தூக்கி வளர்த்த ஆயாக்களை விட்டு வருகிறவள் அவள். சில நாட்கள் அழுவாள், யாரிடமும் ஒட்டாமல் இருப்பாள். அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள், எதைச் சாப்பிடுகிறாள் என்று இப்போதே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒடிசாவில் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து 'பகாளா' என்று சாப்பிடுவார்கள். நம் பழைய சோறேதான். முதல் வாரம் ஊர்க் கூட்டத்தைக் கூட்டாமல், அம்மா அதைத் தன் கையால் பிசைந்து ஊட்டட்டும்.

அன்புடன்.