கதவுக் கண்ணாடி பீடிங் ஆடுகிறதா? பசையைத் தொடாதீர்கள்

கேள்வி: பத்து வருடப் பழைய ஹேட்ச்பேக் கார். டிரைவர் பக்கக் கதவில், கண்ணாடிக்குக் கீழே வெளிப்புறம் ஓடும் கறுப்பு பீடிங் பின்முனையில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தஞ்சாவூர் ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்தால் படபடவென்று அடிக்கிறது. ஐப்பசி மழைக்குள் சரி செய்ய வேண்டும். ஃபெவிக்விக் போட்டு நானே ஒட்டிவிடலாமா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: நீங்களே செய்யலாம். ஃபெவிக்விக் மட்டும் வேண்டாம். அந்த வகைப் பசை காய்ந்ததும் விறைத்துப்போகும். வெயிலில் தகரம் ஒரு அளவு விரியும், ரப்பர் வேறொரு அளவு விரியும். நடுவில் இருக்கும் பசை சித்திரை வெயிலுக்குள் விரிசல் விட்டுவிடும். கறுப்பு ரப்பரைச் சுற்றி வெள்ளைப் புகை படிந்ததுபோல் ஒரு கறையும் நிற்கும், அது எளிதில் போகாது. பிறகு முறைப்படி மாட்ட நினைத்தால், கழற்றும்போதே பீடிங் கிழியும்.

உங்கள் பீடிங் பெரும்பாலும் ஒட்டப்பட்டதே இல்லை. கதவுத் தகரத்தின் மேல்விளிம்பை உள்ளிருக்கும் கிளிப்புகள் கவ்விப் பிடித்திருக்கும். பல மாடல்களில் கதவைத் திறந்து பின் ஓரத்தைப் பார்த்தால் அதன் முனையில் ஒரு சின்ன ஸ்குரூ தெரியும். முதலில் அதைப் பாருங்கள். ஸ்குரூ லூசாகியிருந்தாலோ விழுந்திருந்தாலோ, அதே அளவில் துருப்பிடிக்காத ஸ்குரூ ஒன்று போட்டாலே சத்தம் நின்றுவிடலாம்.

அதில் நிற்கவில்லை என்றால் கிளிப் வாய் அகன்றுவிட்டது என்று பொருள். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பின்முனையிலிருந்து பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கொடுத்து மெல்ல மேலே கிளப்புங்கள். ஸ்குரூ டிரைவரை நுழைக்காதீர்கள். பீடிங்குக்குள் தகடு ஓடுகிறது, ஒரே இடத்தில் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் மடிந்துவிடும். மடிந்ததை நேராக்கவே முடியாது. முன்முனை சில கார்களில் சைடு மிரருக்கு அடியில் போய் மாட்டியிருக்கும். உங்களுக்குத் தூக்குவது பின்முனைதானே, அதுவரை போக வேண்டியதில்லை.

வெளியே வந்த பகுதியில் கிளிப்பின் வாயை மூக்கு பிளேயரால் துளி அமுக்குங்கள். தகர விளிம்பில் சேறும் துருவும் இருக்கும். அறுவடைக் காலத்தில் நெல் காயும் ரோட்டில் ஓடிய வண்டி என்றால் உமித்தூசி கெட்டியாக அடைந்திருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். துருவை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமரும் டச்சப் பெயின்ட்டும் பூசி முழுக்க உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இந்தப் பூச்சு கட்டாயம். மாட்டும்போது பொருந்தி நிற்கும் இடத்தில் தொடங்கி, பின்முனை நோக்கி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். கடைசியில் ஸ்குரூ.

மழையைப் பற்றிய பயம் பாதிதான் சரி. இந்த பீடிங் தண்ணீரை முழுதாகத் தடுப்பதற்கு வைத்தது இல்லை. கண்ணாடியில் வழியும் நீரில் கொஞ்சம் எப்போதும் கதவுக்குள் போகும். அடிவிளிம்பில் இருக்கும் துளைகள் வழியே வெளியேறும். அந்தத் துளைகள் அடைத்தால்தான் ஆபத்து, கதவு உள்ளிருந்தே துருப்பிடித்து அழுகும். தென்னை ஈர்க்கால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பெயின்ட்டில் கீறல் விழாது. பிறகு ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றி, கீழே வடிகிறதா என்று பாருங்கள். பீடிங்கை மெனக்கெட்டு மாட்டுகிறவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நிற்கும் கறுப்புப் பட்டை ஆடினால் கதை வேறு. பல கார்களில் அது டபுள் சைடு டேப்பில் நிற்கிறது. பழைய டேப்பைத் தூண்டில் நரம்பால் அறுத்தெடுத்து, மிச்சத்தை விரலால் உருட்டி எடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, காருக்கென்று விற்கும் அக்ரிலிக் ஃபோம் டேப்பை ஒட்டுங்கள். தின்னர் வேண்டாம், டிங்கரிங் பார்த்த கதவு என்றால் பெயின்ட்டே கரையும். பனி காய்ந்து, தகரம் சுடுவதற்கு முன்னால் உள்ள காலை நேரம் தோது. இந்த டேப் முழுப் பிடிப்புக்கு வர சுமார் 72 மணி நேரம் ஆகும். அதுவரை வாட்டர் சர்வீஸுக்கு விடாதீர்கள்.

முன் கண்ணாடியைச் சுற்றிய பீடிங் தளர்ந்து உள்ளே தண்ணீர் வந்தால் கை வைக்காதீர்கள். அந்தக் கண்ணாடி பாலியூரித்தேன் பசையில் நிற்பது, பல கார்களில் பயணி பக்க ஏர்பேக் விரியும்போது அதன் மேல்தான் சாய்கிறது. கண்ணாடிக் கடைக்காரர் பார்க்க வேண்டிய வேலை அது.

ரப்பர் பளபளக்க டீசலோ கிரீஸோ தடவும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அதில் ரப்பர் ஊதி இளகிவிடும். சிலிகான் ஸ்பிரே போதும். பீடிங் சுருங்கி முனையில் இடைவெளி விட்டிருந்தாலோ, ரப்பர் உதடு வெடித்திருந்தாலோ மேலே சொன்ன எதுவும் பலிக்காது, புதிதுதான் வாங்க வேண்டும். ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு போய் மாடலும் வருடமும் சொல்லிக் கேளுங்கள். மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் ரப்பரை வாங்காதீர்கள், கிளிப் இல்லாமல் அது அந்த விளிம்பில் நிற்காது.