கபடி ஆடும் மகனும் பெப்டைடு ஊசியும்

கேள்வி: எங்களுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம். 19 வயதாகும் என் மகன் ஈரோட்டில் கல்லூரியில் படிக்கிறான், கபடி ஆடுகிறான். ஜிம்மில் ஒருவர் கொடுத்த இபமோரெலின், சிஜேசி-1295 என்ற ஊசிகளை இரண்டு மாதமாக இரவில் தானே போட்டுக்கொள்கிறான். இது வளர்ச்சி ஹார்மோன் அல்ல, உடம்பையே சுரக்க வைக்கும் பெப்டைடுதான், உயரமும் பலமும் கூடும், கெடுதல் இல்லை என்கிறான். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. இதைத் தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம். இது படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டிய மருந்து அல்ல என்பதால், இன்று இரவு ஊசியையே விட்டுவிடச் சொல்லுங்கள்.

உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை. பெப்டைடு என்பது புரதத்தின் சிறு துண்டு போன்றது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி, வளர்ச்சி ஹார்மோனை நாள் முழுவதும் ஒரே சீராக விடுவதில்லை. கீழ்பவானி வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடுவதைப் போல, விட்டு விட்டு, பெரும்பகுதியை ஆழ்ந்த தூக்கத்தின்போது விடுகிறது. இடையில் சொமாட்டோஸ்டாட்டின் என்ற இன்னொரு ஹார்மோன் மதகை அடைத்து வைக்கிறது. சிஜேசி-1295, மதகைத் திறக்கச் சொல்லும் நம் உடலின் சமிக்ஞையைப் பார்த்துச் செய்யப்பட்டது. இபமோரெலின் வேறு வழியாக, 1999-இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட கிரெலின் என்ற பசி ஹார்மோனின் ஏற்பியை, அதாவது அந்த ஹார்மோன் வந்து பொருந்தும் இடத்தை, தூண்டுகிறது. இரண்டும் ஹார்மோனைச் சுரக்க வைக்கும் என்பதில் ஐயமில்லை. 2006-இல் வெளிவந்த ஆய்வில், சிஜேசி-1295 ஒரே ஒரு ஊசி போட்ட நலமான பெரியவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் அளவு ஆறு நாட்களுக்கும் மேலாக உயர்ந்தே இருந்தது.

ஆனால் இரத்தத்தில் எண் ஏறுவது வேறு, கையில் பலம் ஏறுவது வேறு. இதே ஏற்பியைத் தூண்டும் ஐபுடமோரென் என்ற மாத்திரையை 60 வயதைக் கடந்த 65 பேரிடம் ஆராய்ந்தபோது, கொழுப்பு நீங்கலான எடை ஏறத்தாழ ஒரு கிலோ கூடியது. வலிமையோ நடமாட்டமோ கூடவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்று உயர்ந்தது. வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும் என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. பெற்றவருக்கே சர்க்கரை நோய் இருக்கும் வீட்டில் இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உயரத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான ஆண் பிள்ளைகளுக்கு இந்த வயதுக்குள் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடிவிடுகின்றன. மூடிய பின் எவ்வளவு ஹார்மோன் சுரந்தாலும் ஓர் அங்குலமும் கூடாது. இடது மணிக்கட்டை ஒரு எக்ஸ்ரே எடுத்தால் அவருக்கே கண்ணால் காட்டிவிடலாம்.

இவ்வகையில் முறையான மருந்துகளும் உண்டு. டெசமோரெலின் 2010-இல் அமெரிக்காவில், எச்.ஐ.வி. நோயாளிகளின் வயிற்றில் சேரும் கொழுப்புக்காக அனுமதிக்கப்பட்டது. இபமோரெலினை அறுவைசிகிச்சைக்குப் பின் குடல் இயக்கம் திரும்புவதற்காகச் சோதித்தார்கள், பலன் தெரியவில்லை. தசை வளர்க்க என்று இவற்றில் எதற்கும் அனுமதி கிடையாது.

சில மாதங்களுக்கு முன் பவானியிலிருந்து ஓர் இளைஞர், இரவில் விரல்கள் மரத்துப்போகின்றன, மோதிரம் கழலவில்லை என்று வந்தார். உடலில் நீர் கோத்து மணிக்கட்டு நரம்பை அழுத்தியிருந்தது. நெடுநேரம் பேசிய பிறகுதான் பையிலிருந்து குப்பியை எடுத்துக் காட்டினார்: அடியில் சுண்ணாம்புப் பூச்சுபோல் வெள்ளைத் தூள், 'ஆய்வுக்கு மட்டும்' என்ற ஒட்டுத்தாள், தயாரிப்பு உரிம எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. உள்ளே எழுதியபடி மருந்து இருக்கிறதா, கிருமி நீக்கப்பட்டதா என்று சொல்ல எவருமில்லை. அந்தத் தூளில் ஒரு மில்லி நீர் கலந்தால் ஓர் அளவு, இரண்டு மில்லி கலந்தால் அதில் பாதி. இன்சுலின் சிரிஞ்சின் அதே கோட்டில் நின்றாலும் உடலுக்குள் போவது இருமடங்கு மாறிவிடும்.

ஆட்டத்தைப் பற்றியும் அவர் அறிய வேண்டும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இவ்வகை மருந்துகள் அனைத்தையும் போட்டி நாட்களில் மட்டுமின்றி எந்நாளும் தடை செய்திருக்கிறது. மாநில அணிக்குப் போகும் கனவோடு ஆடுகிற பிள்ளைக்கு ஒரு சிறுநீர்ப் பரிசோதனையில் நான்கு ஆண்டுகள் வரை தடை வரலாம். ஜிம்மில் கொடுத்தார்கள் என்பது தப்பிக்கும் காரணமாகாது.

கோபத்தில் குப்பிகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பயன்படுத்திய ஊசிகளை ஒரு கெட்டியான டப்பாவில் மூடி, குப்பிகளுடன் அவரையும் அருகிலுள்ள ஹார்மோன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, வளர்ச்சி ஹார்மோனின் தாக்கத்தைக் காட்டும் ஐ.ஜி.எஃப்-1 ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நண்பர்களோடு ஊசியைப் பகிர்ந்திருந்தால் மஞ்சள் காமாலை பி, சி மற்றும் எச்.ஐ.வி. பரிசோதனையும் தேவை; இதை உங்கள் முன்னிலையில் கேட்டால் அவர் உண்மை சொல்லத் தயங்கக்கூடும், அந்த நேரம் நீங்கள் சற்று வெளியே இருப்பது நல்லது. ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கால் வீங்கி மூச்சு வாங்கினாலோ மட்டும் முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.