ஸ்னோஃப்ளேக்கும் நம் வீட்டு இணையமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறேன். காட்பாடியில் பொறியியல் படிக்கும் என் மகன் வீட்டுக் கணினியில் ‘ஸ்னோஃப்ளேக்’ என்று ஒன்றைப் போட்டுவைத்திருக்கிறான். ஈரானில் இருக்கும் யாரோ ஒருவர் எங்கள் இணைப்பின் வழியாகத் தடைசெய்யப்பட்ட தளங்களைப் பார்க்க அது உதவுமாம். முகம் தெரியாத ஆள் செய்யும் தப்புக்கு நாளை என் வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்காதா? மறைக்க எதுவுமில்லாத நமக்கு இதெல்லாம் எதற்கு?

கு.ம., குடியாத்தம்

அன்புள்ள கு.ம. அவர்களுக்கு,

முதலில் போலீஸ் பயம். டோர் என்பது, யார் எந்தத் தளத்தைப் பார்க்கிறார் என்பது தெரியாதபடி தரவைப் பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பும் வலையமைப்பு. ஸ்னோஃப்ளேக் அதற்குள் நுழையும் வழி மட்டுமே. ஈரான்காரரின் தரவு மறையாக்கம் செய்யப்பட்டே, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டே, உங்கள் கணினிக்கு வருகிறது. அங்கிருந்து ‘பாலம்’ எனப்படும் டோரின் நுழைவுக் கணினிக்குப் போய், மேலும் இரண்டு கணினிகளைக் கடந்த பிறகுதான் இணையதளத்தை அடைகிறது. தளத்தின் பதிவில் விழுவது அந்தக் கடைசிக் கணினியின் முகவரி, உங்கள் வீட்டு முகவரி அல்ல. அவர் எதைப் பார்க்கிறார் என்பது உங்கள் மகனுக்கும் தெரியாது. 2022 செப்டம்பரில் ஈரானியப் பெண்கள் தெருவில் இறங்கியபோது, அரசு இணையத்தை நெரித்தது. அப்போது அங்கே பெரும் எண்ணிக்கையில் மக்கள் வெளியுலகைத் தொட்டது இப்படி யார் யாரோ திறந்துவைத்த கணினிகள் வழியாகத்தான்.

இனி, மறைக்க எதுவுமில்லை என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். வேலூர் லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் இரவில் லாட்ஜ் வைஃபையில் தன் நோயைப் பற்றித் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டுச் சின்னம் உள்ள தளத்தில் அவர் என்ன படிக்கிறார் என்பது வெளியே தெரியாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது வைஃபை நடத்துபவருக்கும் இணைய நிறுவனத்துக்கும் பெரும்பாலும் தெரியும். எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான தளம் என்றால் அந்தப் பெயர் ஒன்றே போதாதா? அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது அவருக்காகவும்தான்.

உங்கள் மகன் செய்வது எனக்குப் பெரிதாகப் படுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. டோரின் மூலக் கருத்து 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவானது. கடற்படை மட்டுமே அதைப் பயன்படுத்தினால், அதன் வழியாக வருகிறவர்கள் எல்லோரும் கடற்படை ஆட்கள் என்பது உடனே தெரிந்துவிடும். அதனால் அதைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட வேண்டியதாயிற்று. உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்தில் ஒருவரைக் கண்டுபிடிப்பதும் ஆளில்லாத தெருவில் கண்டுபிடிப்பதும் ஒன்றா? ஒளிய வேண்டியவர்கள் மட்டும் இந்தக் கருவிகளை வைத்திருந்தால், கருவியே அவர்களைக் காட்டிக்கொடுக்கும். மறைக்க எதுவுமில்லாத நீங்களும் நானும் அதில் இருப்பதுதான் ஒரு பத்திரிகையாளருக்கோ, கணவனின் அடிக்குத் தப்பி ஓடிய பெண்ணுக்கோ பாதுகாப்பு.

ஈரான் தொலைவில் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் தளங்கள் முடக்கப்படுகின்றன. அது தொடர்பான புகார்களையும் நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்க வேண்டும் என்கின்றன 2009ஆம் ஆண்டு விதிகள். காரணம் சொல்லாத தடையை நான் ஏற்பதில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் மூன்று மாவட்டங்களில் இணையத்தையே நிறுத்தினார்கள். இணைப்பை அடியோடு துண்டித்தால் டோரும் உதவாது. அப்போது நீதிமன்றப் படிதான் ஏற வேண்டும். இணையத்தை நிறுத்தும் ஆணைகளை வெளியிட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.

மகனிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள். டோரின் கடைசிக் கணினியாக இருக்கும் பொறுப்பை வீட்டு இணைப்பில் ஏற்க வேண்டாம். நீங்கள் பயப்படும் விசாரணை அங்கேதான் வரக்கூடும். ஸ்னோஃப்ளேக் ஓடட்டும்.