இரண்டு மாத்திரைகளில் எதை நிறுத்துவது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். வயது 36; தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. காரணமில்லாத அழுகையும், பேருந்தில் ஏறினாலே வரும் படபடப்பும் தாங்க முடியாமல், ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். மனச்சோர்வும் பதற்றமும் இருப்பதாகச் சொல்லி, காலையில் எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராமும் இரவில் குளோனசெபாம் 0.25 மில்லிகிராமும் எழுதிக்கொடுத்தார். இரண்டு மாதங்களில் தேறிவிட்டதால் மறுபடி அவரிடம் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டியே மாத்திரை வாங்கி வந்தேன். தருமபுரியிலிருந்து வந்திருக்கும் அம்மா, "இதைப் பழகிவிட்டால் காலம் பூராவும் விட முடியாது" என்று பயந்ததால், பத்து நாட்களுக்கு முன் காலை மாத்திரையை நிறுத்திவிட்டேன். இரவு மாத்திரை சின்னதுதானே என்று அதை மட்டும் தொடர்கிறேன். இப்போது தலைசுற்றல், எரிச்சல், விநோதமான கனவுகள், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு. நோய் திரும்பிவிட்டதா? மருத்துவர் திட்டுவாரோ என்றும் தயக்கமாக இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் அம்மாவின் பயம் நியாயமானது; ஆனால் அந்தப் பயம் தவறான மாத்திரையின் மேல் விழுந்துவிட்டது. பழக்கமாகக்கூடியது நீங்கள் தொடர்கிற இரவு மாத்திரைதான். குளோனசெபாம், அல்பிரசோலம் போன்றவை பதற்றத்தை உடனே தணிப்பதால், காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை துணையாகச் சில வாரங்களுக்கு மட்டும் கொடுக்கப்படுபவை. மாதக்கணக்கில் எடுத்தால் உடல் அவற்றுக்குப் பழகி, அவையில்லாமல் தூக்கம் வராத நிலை ஏற்படலாம். இதைப் படித்துவிட்டு இன்றிரவே அதையும் நிறுத்திவிடாதீர்கள். பல மாதங்கள் எடுத்த பிறகு சட்டென்று விட்டால் கடும் பதற்றமும், சிலருக்கு வலிப்பும் வரக்கூடும் என்பதால், அதையும் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எஸ்சிட்டலோபிராம் அப்படிப்பட்டதன்று. அதன் மேல் ஏக்கம் பிறப்பதில்லை, அளவைக் கூட்டிக்கொண்டே போகும் வேட்கையும் வருவதில்லை. ஆனாலும் மூளை அதனோடு இசைந்து இயங்கப் பழகியிருப்பதால், திடீரென்று விடும்போது நீங்கள் எழுதியிருக்கும் அதே தொல்லைகள் சில நாட்களுக்குள் தோன்றலாம். நோய் திரும்புவது பெரும்பாலும் வேறு விதம்: சில வாரங்களோ மாதங்களோ கழித்து, பழைய அழுகையும் ஆர்வமின்மையும் மெல்ல மெல்லக் கூடிவரும். தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு மனச்சோர்வின் அறிகுறியன்று. மாத்திரையை நிறுத்தியதன் விளைவு என்றே உங்கள் கடிதத்தைப் படிக்கையில் தோன்றுகிறது. நேரில் பார்க்கும் மருத்துவரே அதை உறுதி செய்ய வேண்டும்.

தேறிவிட்டோம் என்று தோன்றும் நாளில்தான் பலரும் மாத்திரையை விடுகிறார்கள். எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகளின் பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். நன்றாகத் தேறிய பிறகும், முதல் முறை வந்த மனச்சோர்வுக்குக் குறைந்தது ஆறு மாதங்களாவது அதே அளவில் தொடர்வது வழக்கம், ஏனெனில் அந்தக் காலத்திற்குள் விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். அதன்பின் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ அளவைக் குறைத்து நிறுத்தலாம். ஆகவே "காலம் பூராவும்" என்பது உங்களுக்கு விதிக்கப்பட்டதன்று.

மருத்துவரிடம் போகும்போது, மற்ற வியாதிகளுக்கு நீங்கள் எடுக்கும் எல்லாவற்றையும் சொல்லுங்கள், கடையில் நீங்களாக வாங்குவதையும் சேர்த்து. ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் எஸ்சிட்டலோபிராமோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடுகிறது. டிராமடால் என்ற வலி மாத்திரையும், டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான் கலந்த இருமல் மருந்தும் சேர்ந்தால், அரிதாக, மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் அளவுமீறி நடுக்கமும் காய்ச்சலும் குழப்பமும் வரலாம். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாலுறவில் நாட்டம் குறைவது எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகளின் பரவலான பக்கவிளைவு. அதை வெளியே சொல்லக் கூசிக்கொண்டே மாத்திரையை விடுபவர்கள் பலர் என்பதால் இதையும் எழுதுகிறேன். அளவை மாற்றியோ மருந்தை மாற்றியோ அதைச் சரிசெய்ய வழியுண்டு.

திட்டு விழும் என்ற தயக்கம் வேண்டாம். மாத்திரையை இடையில் விட்டவர்களை மனநல மருத்துவர்கள் தினமும் பார்க்கிறார்கள். எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள், என்னென்ன தொல்லை என்பதை ஒரு தாளில் எழுதி இந்த வாரத்திலேயே போங்கள். காலை மாத்திரையை எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்பதை அவரே முடிவு செய்யட்டும், விட்ட நாட்களுக்கு ஈடாக இரண்டாகச் சேர்த்து விழுங்காதீர்கள். அதற்கிடையில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால், 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் வாரக்கடைசி வரை காத்திராமல், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் அது எந்நேரமும் இயங்குகிறது.

அம்மா ஊருக்குத் திரும்புவதற்குள் மருத்துவரைப் பார்க்க முடிந்தால், அம்மாவையும் அழைத்துச் சென்று, அவருடைய கேள்விகளை மருத்துவரிடம் நேரடியாகக் கேட்கச் சொல்லுங்கள்.