காண்டாமிருகப் படத்தை முகநூலில் போடலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவுக்குப் போகிறேன். காண்டாமிருகத்தைப் படமெடுத்து உடனே பகிரலாமா? – வாசகர், பிறை, பினாங்கு

பதில்: உடனே வேண்டாம். கைப்பேசிப் படத்துக்குள், எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் குறிப்பு பதிந்திருக்கும். கள்ள வேட்டைக்காரனுக்கு அதுவே வழிகாட்டி. கிளம்பும் முன்பே கேமரா செயலியின் இருப்பிட அனுமதியை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்த படமென்றால் அந்தக் குறிப்பை நீக்குங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள்: பின்னணியில் சாலைப் பலகையோ நீர்நிலையோ தெரிந்தால் வெட்டுங்கள், ஊர் திரும்பிய பிறகே போடுங்கள். வாட்ஸ்அப் குழுவுக்கும் இதேதான்.

படமெடுக்க 400 மி.மீ. லென்ஸ், 1/1000 நொடி வேகம் போதும். வண்டி இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். ஓடினால் அதிர்வில் படம் மங்கும்.

கொம்பு வெறும் கெரட்டின், நம் நகம் போலத்தான். அதற்காக எத்தனை உயிர்கள்! 2018இல் நம் கேஎல்ஐஏ (கோலாலம்பூர்) விமான நிலையத்தில் ஒரே சரக்கில் 50 கொம்புகள் பிடிபட்டன.