பெயரைக் கேட்டதும் "வீடு போயாச்சு" என்றால் வழக்குப் போடலாமா?

கேள்வி: நானும் என் அலுவலக நண்பரும் சேர்ந்து சென்னையில் வாடகை வீடு தேடுகிறோம். நான் முஸ்லிம், அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த இந்து. ப்ரோக்கர் காட்டிய வீடு பிடித்துப்போய், வாடகையும் பேசி முடித்த பிறகுதான் உரிமையாளர் பெயர்களைக் கேட்டார். அப்புறம் நண்பரிடம் "சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு" என்று குடைந்தார். மறுநாள் "வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு" என்று ப்ரோக்கர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். பத்து நாளாகியும் டூ-லெட் போர்டு அப்படியே தொங்குகிறது. சட்டத்தில் வழி உண்டா?

பதில்: உங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. நண்பர் காவல் நிலையத்துக்குப் போகலாம். நீங்கள் போனால் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிலவரம் அதுதான்.

முதலில் நண்பர் விஷயம். 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4, தீண்டாமையின் பேரில் ஒருவரை எந்தப் பகுதியிலும் குடியிருக்க விடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. இதில் பலரும் கவனிக்காதது பிரிவு 12. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமையால்தான் அந்தச் செயல் நடந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. அபராதம் 100 முதல் 500 ரூபாய் வரை. ப்ரோக்கர் கமிஷனில் ஒரு துளிகூட வராது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் 'பொருளாதாரப் புறக்கணிப்பு' (ஒருவரோடு கொடுக்கல் வாங்கலை மறுப்பது) என்பதையும் குற்றமாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் ஒரே ஒரு வீடு மறுத்தது அதற்குள் வருமா என்று எதிர்த்தரப்பு இழுத்தடிக்கும். ஆகவே புகாரில் 1955 சட்டத்தை முன்னால் வையுங்கள்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. உரிமையாளரின் வக்கீல் கெட்டிக்காரராக இருந்தால் இப்படிச் சொல்வார்: "ஐயா, சாதிக்காக மறுக்கவே இல்லை. கூட வந்தவர் முஸ்லிம், அதனால்தான் மறுத்தோம்." நீதிமன்றத்தில் தைரியமாகச் சொல்லலாம், ஏனென்றால் அது குற்றமில்லை! ஒரு பாகுபாட்டை ஒப்புக்கொண்டு இன்னொன்றிலிருந்து தப்பலாம்.

அந்த வாதத்தை உடைப்பது "எந்தத் தெரு" என்ற கேள்விதான். தமிழ்நாட்டில் அந்தக் கேள்வி எதற்கு என்று நீதிபதிக்கும் தெரியும். என்ன தேதி, எத்தனை மணி, யார் யார் இருந்தார்கள் என்று இன்றே எழுதி வையுங்கள். ப்ரோக்கரின் வாய்ஸ் மெசேஜை அழிக்காதீர்கள். போனை மாற்றுவதாக இருந்தாலும் பழையதைப் பத்திரப்படுத்துங்கள். இத்தகைய மின்னணுச் சாட்சியத்தோடு பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி சான்றிதழும் தர வேண்டும். போர்டைத் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். காவல் நிலையத்தில் தட்டிக் கழித்தால் வன்கொடுமைப் புகார்களுக்கான 14566 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. காவல்துறையின் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவுக்கும் எழுதலாம்.

இனி உங்கள் பக்கம். அரசியலமைப்பின் 15(2) பிரிவு மதம், சாதி பார்த்து ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று சொல்லும் இடங்கள் கடை, உணவகம், ஹோட்டல், பொழுதுபோக்கு இடம், பொதுக் கிணறு போன்றவை. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. பார்சிகளுக்கு மட்டுமே வீடு என்ற அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கத்தின் விதியை 2005-ல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. முஸ்லிம்களுக்கு வீடு கிடைப்பது கடினமாக இருக்கிறது என்று அவர்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழுவின் அறிக்கை 2006-ல் பதிவு செய்தது. வீடு உட்படப் பலவற்றில் பாகுபாட்டைத் தடுக்க 2017-ல் காங்கிரஸ் எம்.பி. சசி தரூர் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. இத்தனைக்கும், எச்.ஐ.வி. தொற்றுள்ளவருக்கு வீடு மறுக்கக் கூடாது என்று 2017-லும், திருநருக்கு மறுக்கக் கூடாது என்று 2019-லும் நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது. "என் வீடு, என் இஷ்டம்" என்ற வாதம் அங்கெல்லாம் செல்லவில்லை. மதம் என்று வந்தால் மட்டும் ஏன் செல்ல வேண்டும் என்பது நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

சரி, அடுத்த வீடு பார்க்கும்போது? பெயரை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். தலைகுனிவதற்காக அல்ல, ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாகும். நண்பர் பெயரில் மட்டும் ஒப்பந்தம் போட்டுவிட்டு நீங்கள் பின்னால் போய்ச் சேரும் யோசனை வேண்டாம். அனுமதியில்லாமல் வேறொருவருக்கு இடம் கொடுத்தார் என்று சொல்லி இருவரையுமே வெளியேற்றப் பார்ப்பார்கள். இரண்டு பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். 'அசைவம் சமைக்கக் கூடாது' என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அடித்து நீக்கச் சொல்லுங்கள். அப்புறம் பேசிப் பயனில்லை.

உள்ளே போய்விட்டால் நிலைமை மாறும். 2019 முதல் அமலில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி காலி செய்யச் சொல்வதற்கான காரணங்கள் வாடகை பாக்கி, உள்வாடகை, தவறான பயன்பாடு, உரிமையாளரின் சொந்தத் தேவை என்று போகும். வாடகைதாரரின் மதம் அவற்றில் இல்லை. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் வாடகை அதிகார அமைப்பிடம் மனு கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. சென்னையில் பத்து மாதம் கேட்பார்கள், பேரம் பேசுங்கள். ஒப்பந்தத்தை அரசின் வாடகை இணையதளத்தில் பதிவு செய்து பதிவு எண்ணை வாங்கிய பிறகு மீதி அட்வான்ஸைக் கொடுங்கள்.